பீச் ஸ்டேஷனில் ஏன் பீச் இல்லை? சென்னைப் புறநகர் ரயில் நிலையங்கள், புதிதாக வருபவர்களுக்கு

நான் முதல்முறை சென்னைக்குத் தனியாக வந்தபோது சித்தப்பா போனில் சொன்ன வழி இது: "சென்ட்ரல்ல இறங்கு. வெளிய வந்து ரோட்டைத் தாண்டு. பார்க் ஸ்டேஷன்ல தாம்பரம் வண்டியப் புடி. குரோம்பேட்டைல நான் நிக்கிறேன்." கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. சென்ட்ரலில் இறங்கியவன் 'புறநகர் ரயில்' என்று அம்புக்குறி போட்டிருந்த பக்கம் போனேன். கிளம்பத் தயாராக ஒரு மின்சார ரயில் நின்றது. ரோட்டைத் தாண்டும் வேலை மிச்சம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். வில்லிவாக்கம் வந்த பிறகுதான் எதிரே இருந்த பெரியவர் கேட்டார், "எங்க தம்பி போறீங்க?" குரோம்பேட்டை என்றேன். "இது ஆவடி வண்டிப்பா. அது வேற லைன். இறங்கித் திரும்பிப் போ" என்றார்.

சித்தப்பா அந்த ரோட்டைச் சும்மா சொல்லவில்லை. சென்ட்ரலுக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஓடும் அந்த ஒரு ரோட்டைப் புரிந்துகொண்டால் சென்னைப் புறநகர் ரயிலில் பாதி புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால், புறநகர் நிலையம் என்பது என்ன என்று இரண்டு வார்த்தை.

வெளியூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால் அது ஒரு குறிப்பிட்ட வண்டிக்கான டிக்கெட். பெட்டி எண், இருக்கை எண், புறப்படும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். புறநகர் டிக்கெட்டில் இது எதுவும் கிடையாது. எங்கிருந்து எங்கே என்பது மட்டும்தான். ஒரு வண்டி போய்விட்டால் அடுத்த வண்டி. கட்டணம் சாதாரண வகுப்பில் 5 ரூபாயில் தொடங்குகிறது. தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். வண்டி ஒரு நிலையத்தில் அரை நிமிடம் நின்றால் அதிகம். வழியனுப்ப வந்தவர் ஜன்னலோரம் நின்று கண்கலங்குவதற்கெல்லாம் இங்கே நேரமில்லை. சொல்லப்போனால், ஊருக்குள் ஓடும் பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டது போலத்தான் இது.

சரி, அந்த ரோட்டுக்கு வருவோம்.

இரண்டு கம்பெனி, இரண்டு வாசல்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே என்ற கம்பெனி. கடலும் வியாபாரமும் வடக்கே இருந்ததால் ராயபுரம் அவர்களுக்கு வசதியான இடம். அந்த ராயபுரம் நிலையம் இன்றும் இருக்கிறது, ரயில்களும் நிற்கின்றன. தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், கூட்டமே இருக்காது. 1873இல் அந்தக் கம்பெனிக்குச் சென்ட்ரல் நிலையம் வந்தது. மேற்கே அரக்கோணம் பக்கமும் வடக்கே கூடூர் பக்கமும் போகும் வண்டிகளுக்கு அதுவே வாசல் ஆனது.

தெற்கே போகிற பாதையைப் போட்டது வேறொரு கம்பெனி, சவுத் இந்தியன் ரயில்வே. 1876 வாக்கில் அவர்களுடைய பாதை செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம் வரை போய்விட்டது. அவர்களுடைய வாசல் எழும்பூர். இன்று நாம் பார்க்கும் சிவப்பும் வெள்ளையுமான எழும்பூர்க் கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு நடந்தே போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் எதற்கு இரண்டு பெரிய நிலையங்கள் என்று கேட்டால், காரணம் தண்டவாளத்தின் அகலம். மெட்ராஸ் ரயில்வே போட்டது அகலப் பாதை, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். தெற்கே போடப்பட்டது மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லிமீட்டர். ஒருவர் வண்டி இன்னொருவர் பாதையில் ஓடவே முடியாது. திருச்சியிலிருந்து பம்பாய்க்குப் போகிறவர் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வண்டி பிடித்து, சென்ட்ரல் போய்த்தான் ஆக வேண்டும்.

1951இல் இந்தக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகித் தெற்கு ரயில்வே பிறந்தது. காகிதத்தில்தான் ஒன்றானது. தண்டவாளம் தனித்தனியாகவே கிடந்தது. தெற்குப் பாதையில் பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பம்பாயில் முதல் மின்சார ரயில் வந்தது 1925இல் என்பதை வைத்துப் பார்த்தால், நாம் ஒன்றும் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. ஆனால் சென்ட்ரல் பக்கத்துக்கு, அதாவது கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும், மின்சாரம் வந்தது 1979இல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இடைவெளி. தாம்பரம் பக்கம் அத்தனை சீக்கிரம் ஊர் வளர்ந்ததற்கு அந்த 1931 ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. தெற்குப் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் கடைசியாக ஓடியது 2004 ஜூலையில். அதன் பிறகுதான் சென்னையின் புறநகர்ப் பாதை முழுவதும் ஒரே அகலம்.

அகலம் ஒன்றானாலும் வாசல்கள் நகரவில்லை. தெற்குப் பாதை சென்ட்ரலுக்குள் நுழையாமல் எதிர்ச் சாரியில் பார்க் ஸ்டேஷன் வழியாகப் பீச்சுக்குப் போகிறது. நான் தாண்டாமல் விட்ட அந்த ரோடு, இரண்டு கம்பெனிகளின் பழைய எல்லைக்கோடு.

நான்கு பாதைகள்

இப்போது வரைபடத்தைக் கையில் எடுத்தால் பயமுறுத்தாது.

சென்ட்ரல் பக்க மின்சார ரயில்கள் கிளம்பும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் எழுந்ததுதான் இந்தப் புறநகர் நிலையம். சென்ட்ரலை ஒட்டியே இருந்தாலும் நுழைவாயில் தனி. இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் எல்லாம் பேசின் பிரிட்ஜ் வரை ஒன்றாகப் போகும். அங்கே பாதை பிரிகிறது. இடது பக்கம் திரும்பினால் மேற்கு: பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, 42 கிலோமீட்டரில் திருவள்ளூர், 69 கிலோமீட்டரில் அரக்கோணம். நேரே வடக்கே போனால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, 48 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. சில வண்டிகள் மாநில எல்லையைத் தாண்டிச் சூலூர்ப்பேட்டை வரை போகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் ஊர் அதுதான்.

மூன்றாவது, தெற்கு. பீச், கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானட்டோரியம், தாம்பரம். இந்த வரிசையை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளை இந்தப் பாதையோர வீடுகளில் பார்க்கலாம். தாம்பரத்துக்கு அப்பால் செங்கல்பட்டு வரை தொடர்கிறது.

நான்காவது பறக்கும் ரயில். பீச்சிலிருந்து தெற்குப் பாதையோடு ஒட்டிக்கொண்டே வந்து, பிறகு தூண்கள் மேல் ஏறி, பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே வேளச்சேரி வரை போகிறது. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2004இல் திருவான்மியூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை என்று தவணை முறையில் வந்தது. இதன் நிலையங்கள் மற்ற எதைப் போலவும் இருக்காது. வானுயர்ந்த கான்கிரீட் மண்டபங்கள், அகலமான காலி மாடிகள். பத்துப் பேர் இறங்கும் இடத்துக்குக் கல்யாண மண்டபம் கட்டி வைத்ததைப் போல எனக்கு எப்போதும் தோன்றும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த 5 கிலோமீட்டர் மட்டும் நிலம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தெற்குப் பாதையோடு அந்த முனை அத்தனை காலம் சேராததால்தான் பறக்கும் ரயிலில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த நான்கும் சந்திக்கிற இடம் பீச் ஸ்டேஷன். தெற்குப் பாதையும் பறக்கும் ரயிலும் அங்கே தொடங்குகின்றன. மூர் மார்க்கெட்டுக்குப் போகாமல் ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகப் பீச்சுக்கு வருகிற ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வண்டிகளும் சில உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு இது தெரிவதில்லை. கட்டுரையின் கடைசியில் இது நமக்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை. பார்க் என்பது ஒன்று, பார்க் டவுன் என்பது இன்னொன்று. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள்தான். பார்க்கில் தாம்பரம் வண்டி வரும், பார்க் டவுனில் வேளச்சேரி வண்டி வரும். கூகுள் சொன்னதைப் பாதி படித்துவிட்டு ஓடினால் தப்பான பிளாட்பாரத்தில் நிற்பீர்கள்.

பெயரை நம்பலாமா?

பீச் ஸ்டேஷனில் இறங்கி, "மெரினா எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கலாம். அங்கே பீச் இல்லை. எதிரே இருப்பது துறைமுகம். துறைமுகம் வருவதற்கு முன்னால் கடல் அந்தச் சாலை வரைக்கும் இருந்தது. இப்போது ராஜாஜி சாலை எனப்படும் அதற்குப் பழைய பெயரே பர்ஸ்ட் லைன் பீச்தான். கடல் தள்ளிப் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. மெரினாவுக்குப் போக வேண்டுமென்றால் பறக்கும் ரயிலில் ஏறிச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் மூன்றில் ஒன்றில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

பார்க் ஸ்டேஷனில் பூங்காவைத் தேடினாலும் அதே கதை. சென்ட்ரலை ஒட்டி ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று பெரிய பூங்கா இருந்தது. அதற்குள் ஒரு மிருகக்காட்சி சாலையும் இருந்தது. பூங்கா கரைந்து கட்டடங்களாகிவிட்டது. மிருகங்கள் 1985இல் திறந்த வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. வண்டலூரும் இதே தெற்குப் பாதையில் தாம்பரம் தாண்டி இருக்கும் நிலையம்தான். பார்க்கில் ஏறி வண்டலூரில் இறங்கினால், அந்தப் புலிகளும் குரங்குகளும் வீடு மாறிய தூரத்தை நீங்களே ரயிலில் அளந்துவிடலாம்.

தி.நகர் என்று தேடினால் நிலையம் கிடைக்காது. ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகிறவர்கள் இறங்க வேண்டியது மாம்பலம். ரயில் பாதை வந்த காலத்தில் தி.நகர் என்று ஒரு ஊரே இல்லை. மாம்பலத்தில் ஒரு நீண்ட ஏரிதான் இருந்தது. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள்.

இதில் காசு செலவு வைக்கிற குழப்பம் மீனம்பாக்கம். எல்லோரும் 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால், பெட்டியோடு வருபவர்கள் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டோ. விமான நிலையத்துக்கு எதிரே இருப்பது அடுத்த நிலையமான திரிசூலம். இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டை, அதாவது தெற்கே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் நெடுஞ்சாலையை, சுரங்கப்பாதையில் தாண்டினால் போதும்.

மற்ற பெயர்கள் பெரும்பாலும் நேர்மையானவை. யாருக்காக அந்த நிலையம் வந்தது என்பதை அவையே சொல்லிவிடும். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. சானட்டோரியம், 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. நல்ல காற்று வேண்டுமென்று ஊருக்கு வெளியே தேடிப் பிடித்த இடம் அது. இன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று மூச்சிழுத்துப் பார்த்தால் நம்புவது கடினம். வடக்கே விம்கோ நகர், தீப்பெட்டி செய்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம். பெரம்பூருக்கு அடுத்தடுத்து வரும் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் இரண்டும் ரயில்வேயின் சொந்தப் பணிமனைகளுக்கானவை. ஷிப்ட் விடும் நேரம்தான் அங்கே கூட்டம். வியாசர்பாடி ஜீவா, பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆவடி தாண்டினால் இந்து கல்லூரி என்றே ஒரு நிலையம்.

மெட்ராஸ் என்ற பெயர் 1996இல் போய்விட்டாலும் ரயில்வேயின் நிலையக் குறியீடுகளில் அது சாகவில்லை. சென்ட்ரல் இன்றும் எம்.ஏ.எஸ்., எழும்பூர் எம்.எஸ்., பீச் எம்.எஸ்.பி. அந்த 'எம்' எல்லாம் மெட்ராஸ்தான். செயலியில் டிக்கெட் எடுக்கும்போது இந்தக் குறியீடுகள் தெரிந்தால் பட்டியலில் தேடும் வேலை குறையும்.

ஏன் இவ்வளவு நெருக்கமாக?

பீச்சிலிருந்து தாம்பரம் 30 கிலோமீட்டர், 18 நிலையங்கள். அதாவது சராசரியாக ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒன்று. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு இன்னொரு 30 கிலோமீட்டர். ஆனால் பெருங்களத்தூரில் தொடங்கிச் செங்கல்பட்டோடு சேர்த்து ஏறத்தாழப் பத்து நிலையங்கள்தான், மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று. நகரத்தை விட்டு விலக விலக நிலையங்களும் விலகும். ஆள் நடந்து வந்து ஏறக்கூடிய தூரத்தை வைத்து நகரத்துக்குள் நிலையம் அமைகிறது. வெளியே ஊருக்கு ஒன்று.

எஞ்சின் வைத்த எக்ஸ்பிரஸ் வண்டியை ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தினால் அது வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். மின்சார ரயிலில் தனியாக எஞ்சினே கிடையாது. மோட்டார் வைத்த பெட்டியோடு சில சாதாரணப் பெட்டிகளைச் சேர்த்தால் ஒரு யூனிட். அப்படிச் சில யூனிட்களைக் கோத்தால் ஒரு ரயில். மேற்குப் பாதையில் பழைய ஆட்கள் "யூனிட் வண்டி" என்று சொல்வது இதைத்தான். இழுக்கும் சக்தி ரயில் நெடுகிலும் பரவியிருப்பதால் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை. ஓட்டுநர் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து மறுகோடிக்குப் போவார். அதுவரை வால் என்று இருந்தது தலையாகிவிடும். பெண்கள் பெட்டியும் முதல் வகுப்பும் எங்கே வந்து நிற்கும் என்பதைப் பிளாட்பாரத்தில் இரண்டு நாள் கவனித்தால் போதும். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சரியான இடத்தில் நிற்பீர்கள்.

பல வண்டிகள் தாம்பரத்தோடும் ஆவடியோடும் நின்றுவிடுவது ஏன் என்று கேட்பார்கள். இந்த ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனைகள் அங்கேதான் இருக்கின்றன. ஆவடிக்கு முந்தைய நிலையமான அண்ணனூரைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், வரிசையாக நிற்கும் யூனிட்கள் தெரியும். ஆக, ஏறும் முன் வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். கூடுவாஞ்சேரி போகிறவர் தாம்பரம் வண்டியில் ஏறினால் பாதி வழியில் இறங்கி மாற வேண்டும்.

ஃபாஸ்ட் வண்டியிலும் இதே கவனம் வேண்டும். புறநகர் வண்டிகளுக்கு ஒரு ஜோடித் தண்டவாளம், வெளியூர் வண்டிகளுக்குத் தனித் தண்டவாளம் என்று பல இடங்களில் பிரித்திருக்கிறார்கள். ஃபாஸ்ட் லோக்கல் அந்த வெளியூர்ப் பாதையில் ஓடும். நடுவில் உள்ள சின்ன நிலையங்களில் அந்தப் பக்கம் பிளாட்பாரமே இருக்காது, அதனால் நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தனி அட்டவணை, வண்டிகள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பை அன்றைக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. 2025 ஏப்ரலில் பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. அதற்குக் கட்டணம் 35 ரூபாயில் தொடங்குகிறது. ஐந்து ரூபாய் டிக்கெட்டோடு குளுகுளுவென்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

நிலையம் முதலில் வந்து ஊர் பின்னால் வருவதும் உண்டு, ஊர் வந்து நிலையம் பின்னால் வருவதும் உண்டு. பொத்தேரி, பரனூர் போன்ற இடங்களில் ஒரு காலத்தில் இறங்க ஆளே இருந்திருக்காது. பொத்தேரியில் பெரிய பல்கலைக்கழகமும் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி என்ற தொழில் நகரமும் வந்த பிறகு காலையில் நிற்க இடமில்லை. கிளாம்பாக்கத்தில் நடந்தது தலைகீழ். 2023 டிசம்பர் கடைசியில் அங்கே பிரம்மாண்டமான பஸ் நிலையத்தைத் திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. தெற்கு மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் இப்படி நடந்திருந்தால் மன்னிக்கலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. ஆவடியிலிருந்து பெரிய பெட்டியோடு விமான நிலையம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வழி: மூர் மார்க்கெட் வண்டி, இறங்கி வெளியே வந்து சாலையைத் தாண்டி, படி ஏறி இறங்கி, பார்க்கில் தாம்பரம் வண்டி. பார்க்குக்கு வரும்போதே அதில் கூட்டம் ஏறியிருக்கும். இன்னொரு வழி: அட்டவணையைப் பார்த்து ஆவடியில் பீச் போகும் வண்டியைப் பிடிப்பது. பெரம்பூர் தாண்டி, ராயபுரம் வழியாகச் சுற்றி வரும், கொஞ்சம் நேரம் கூட ஆகும். ஆனால் ரோட்டைத் தாண்டும் வேலை இல்லை. பீச்சிலேயே பிளாட்பாரம் மாறினால் தாம்பரம் வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது, காலியாக இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம். பழவந்தாங்கல் தாண்டியதும் எழுந்துவிடாதீர்கள். மீனம்பாக்கத்தில் கதவருகே ஒரு கூட்டம் பெட்டியோடு இறங்கும். அவர்கள் பின்னால் போகாமல் இன்னும் ஒரு ஸ்டேஷன் உட்காருங்கள்.